பிரவுசரை மாத்திட்டீங்க சரி, தேடுற இடத்தை மாத்தினீங்களா?

பிரிண்டர் ஓடலன்னுதான் கூப்பிட்டாங்க. தென்னாப்பிரிக்கா டர்பன்ல சின்னச் சின்ன ஆபீஸுக்கு கம்ப்யூட்டர் சப்போர்ட் பாக்குறதுதான் என் வேலை, இந்த ஆன்ட்டி சாட்ஸ்வொர்த்ல வீட்டு முன் ரூம்லயே உக்காந்து அக்கம்பக்கத்துக்கு டேக்ஸ் கணக்கு பாத்துக் குடுக்கறவங்க, தமிழ் பாதி இங்கிலீஷ் பாதியா பேசுவாங்க. பிரிண்டர் அஞ்சு நிமிஷத்துல சரியாயிடுச்சு (கேபிள்தான், வேற என்ன), டீ வந்துச்சு, கூடவே ஒரு கேள்வியும் வந்துச்சு. "தம்பி, நான் குரோமை எடுத்துட்டேன், பையன் பயர்பாக்ஸ் போட்டுக் குடுத்தான், இனிமே கூகுளுக்கு என்னைப் பத்தி ஒண்ணும் தெரியாதுல்ல?"

பையன் நல்லாத்தான் பண்ணியிருந்தான். விளம்பரத்தைத் தடுக்கற யூபிளாக் ஆரிஜின் இருக்கு, டிராக்கிங் பாதுகாப்பு ஸ்ட்ரிக்ட்ல இருக்கு. ஆனா அட்ரஸ் பார்ல ஒரு வார்த்தை தட்டி என்டர் அடிச்சா வந்து நிக்கறது கூகுள், பக்கத்து டேப்ல காலைல இருந்து ஜிமெயில் திறந்தே கிடக்கு. அந்த ஜிமெயில் கணக்கோட மை ஆக்டிவிட்டி பக்கத்தைத் திறந்து காட்டினேன், நேத்து ராத்திரி தேடின முட்டிவலி மருந்து வரைக்கும் நேரத்தோட வரிசையா இருக்கு. ஆன்ட்டி டீ கிளாஸைக் கீழ வச்சுட்டாங்க.

அதோட விட்டிருக்கலாம், நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. என் லேப்டாப்ல சொந்த சர்ட்டிபிகேட் போட்டு ஒரு ப்ராக்ஸி (நடுவுல நின்னு பாக்கற புரோகிராம்) வச்சிருக்கேன், பிரவுசர்ல இருந்து என்னென்ன வெளிய போகுதுன்னு வரிவரியா காட்டும். அதுல பயர்பாக்ஸைத் திறந்து, "ஆன்ட்டி, ஏதாவது ஒரு வியாதி பேரைத் தட்டுங்க, ஆனா என்டர் அடிக்காதீங்க"ன்னேன். அவங்க ஒத்தை விரல்ல டையபடீஸ்னு தட்ட ஆரம்பிச்சாங்க. டிஐ. ஒரு வரி போச்சு. டிஐஏ. இன்னொரு வரி. டிஐஏபி. மூணாவது. பாதி வார்த்தையில நிறுத்தி எல்லாத்தையும் அழிச்சாங்க, ஆனா போனது போனதுதான். கீழ பரிந்துரை லிஸ்ட் வருதே, அது சும்மா வருமா, நீங்க தட்டற எழுத்து டீபால்ட் தேடுபொறிக்கு (பிரவுசர் தானா வச்சிருக்கற தேடுற இடம், இங்க கூகுள்) போனாத்தானே அங்கருந்து பதில் வரும். இது உங்க பேரோட போகலன்னாலும் உங்க இணைப்போட நம்பரான ஐபி முகவரியோட போகுது, பயர்பாக்ஸ்ல இந்த வசதி டீபால்டா ஆன்ல இருக்கு, செட்டிங்ஸ்ல சர்ச் பகுதிக்குப் போய் டிக்கை எடுத்தா நிக்கும்.

நான் எல்லார்கிட்டயும் சொல்றது இதான்: ஆட் பிளாக்கர், டிராக்கர் பிளாக்கர் எல்லாம் மத்தவன் ஒளிஞ்சிருந்து பாக்கறதைத்தான் தடுக்கும். தேடுபொறிகிட்ட நீங்களே வலியப் போய் சொல்றீங்க, அதை எந்த பிளாக்கர் தடுக்கும்?

சரி, பிரைவசி பேசற பயர்பாக்ஸ் ஏன் கூகுளை வச்சிருக்குன்னா, காசுதான். பயர்பாக்ஸ் அட்ரஸ் பார்ல இருந்து கூகுள்ல தேடினா, வர்ற லிங்க்ல கிளையன்ட்ங்கிற வார்த்தைக்குப் பின்னால பயர்பாக்ஸ்னு ஒரு துண்டு ஒட்டியிருக்கும், இந்த ஆளை யார் அனுப்பினாங்கன்னு கணக்கு வச்சுக்கத்தான் அது. 2025 மே மாசம் அமெரிக்க கோர்ட்ல, கூகுள் மேல போட்ட ஏகபோக வழக்குல, பயர்பாக்ஸை நடத்தற மொசில்லாவோட நிதி அதிகாரியே சொன்னார், வருமானத்துல 90 சதவீதம் பயர்பாக்ஸ்ல இருந்து, அதுல ஒரு 85 சதவீதம் கூகுள்கிட்ட இருந்துன்னு. அதே கேஸ்ல வெளிய வந்த இன்னொரு கணக்கு, 2021ல மட்டும் டீபால்ட் இடத்துக்காக கூகுள் ஊர் முழுக்க குடுத்தது 2630 கோடி டாலர். 2024 ஆகஸ்ட்ல நீதிபதி அமித் மேத்தா கூகுள் சட்டவிரோதமா ஏகபோகம் நடத்துதுன்னு தீர்ப்பு குடுத்தார், 2025 செப்டம்பர்ல வேற யாரையும் வைக்கக் கூடாதுங்கிற எக்ஸ்க்ளூசிவ் ஒப்பந்தம் கூடாதுன்னார், ஆனா காசு குடுக்கறதை நிறுத்தச் சொல்லல. யாரும் செட்டிங்ஸைத் திறக்க மாட்டாங்கங்கிற நம்பிக்கைக்குத்தான் இவ்வளவு விலை. மொசில்லாவை நான் திட்டல, அந்தக் காசு இல்லன்னா அந்த பிரவுசரே இருக்காது, ஆனா நீங்க அதை அப்படியே வச்சிருக்கணும்னு கட்டாயம் இல்லையே.

பிரேவ்ங்கிற இன்னொரு பிரவுசரைப் போட்டவங்களும் ரொம்ப நிம்மதியா இருக்க வேண்டாம். அவங்க சொந்த தேடுபொறி பிரேவ் சர்ச் 2021ல வந்துச்சு, அந்த அக்டோபர்ல டீபால்டா மாத்தினது முதல்ல சில நாட்டுக்கும் புது யூசருக்கும்தான், அதனால பழசா போட்டு வச்சிருக்கறவங்க ஒருதடவை உள்ள போய்ப் பாருங்க. 2023ல இருந்து மைக்ரோசாப்டோட பிங் தேடுபொறியை நம்பாம, தானே சேத்து வச்ச பக்கப் பட்டியல்லயே (இன்டெக்ஸ்) ஓடுது, அது நல்ல விஷயம். ஆனா 2020ல ஒரு கிரிப்டோ சைட் பேரைத் தட்டினா தனக்குக் கமிஷன் வர்ற மாதிரி லிங்க்ல ஒரு துண்டைச் சேத்து முடிச்சுக் குடுத்து மாட்டிக்கிட்டதும் இதே பிரேவ்தான். பிரைவசி பேசற தேடுபொறி டக்டக்கோவும் அப்படித்தான், 2022 மே மாசம் ஒரு ஆராய்ச்சியாளர் தோண்டிப் பாத்தா, அவங்க பிரவுசர் மைக்ரோசாப்ட் டிராக்கரை மட்டும் விட்டு வச்சிருக்கு, காரணம் தேடல் முடிவுக்கு பிங்கோட போட்ட ஒப்பந்தம். சத்தம் வந்ததும் ஆகஸ்ட்ல சரி பண்ணாங்க. ஆளை மறைக்கறதுக்குன்னே இருக்கற டார் பிரவுசர்லயும் டக்டக்கோதான் டீபால்ட். இதெல்லாம் தெரிஞ்சும் நான் ஆன்ட்டிக்கு டக்டக்கோதான் போட்டுக் குடுத்தேன், தேடினதை ஆள் வாரியா சேத்து வைக்கறதில்லங்கிறது எனக்குப் போதும்.

ஒரு வாரத்துல போன் வந்துச்சு, "தம்பி, கோயில்ல கூழ் ஊத்தற தேதி ஒண்ணும் வரமாட்டேங்குது." உண்மைதான், நம்ம ஊர் சங்கதி தேடினா, அதுவும் தமிழ்ல தேடினா, கூகுள் அளவுக்கு வராது. டக்டக்கோவுல ரீஜனை சவுத் ஆப்பிரிக்கான்னு மாத்தினா கொஞ்சம் தேவலை. ஆச்சரியக்குறி போட்டு ஜி எழுத்தைச் சேத்துத் தட்டினா கூகுளுக்கே தூக்கிட்டுப் போகும், அப்படிப் போனா கூகுள் பாக்கத்தான் செய்யும், டக்டக்கோ வழியா போனதால மறைஞ்சிடாது. கோயில் தேதியை கூகுள் பாத்தா பாத்துட்டுப் போகட்டும்.

கஸ்டமர் பேரும் ஐடி நம்பரும்தான் அப்படி விட முடியாது. இங்க ஐடி நம்பர் 13 இலக்கம், முதல் ஆறும் பிறந்த தேதி. ஆன்ட்டிக்கு ஒரு பழக்கம், ஆளோட பேரையும் கம்பெனி பேரையும் அட்ரஸ் பார்லயே தட்டித் தேடறது. தனிநபர் தகவலைக் காக்கற போபியா சட்டம் இருக்கே, அது பாத்துக்காதான்னு கேட்டாங்க. 2021 ஜூலைல இருந்து அது முழுசா அமல்ல இருக்கு, ஆனா மத்தவங்க தகவலைக் கையில வச்சிருக்கறவங்கதான் அதுல பொறுப்பு, அதாவது ஆன்ட்டியேதான். பேர் இல்லாத தேடலே ஆளைக் காட்டிக் குடுக்கும். 2006ல ஏஓஎல்ங்கிற அமெரிக்க இன்டர்நெட் கம்பெனி சுமார் ஆறரை லட்சம் பேரோட தேடலை, பேரை எடுத்துட்டு நம்பர் மட்டும் போட்டு வெளிய விட்டுச்சு. பத்திரிகைக்காரங்க தேடின வார்த்தைங்களை வச்சே ஒரு வயசான அம்மாவோட வீட்டு வாசலுக்குப் போய் நின்னுட்டாங்க. ஆன்ட்டிக்கு இன்னொண்ணும் சொன்னேன், சார்ஸ் ஈபைலிங்கை (இங்க வரித்துறையோட ஆன்லைன் பக்கம்) தேடிப் போகாதீங்க, புக்மார்க் போட்டு வையுங்க, மேல விளம்பரமா வர்ற போலி பக்கத்துல பாஸ்வேர்டைக் குடுத்துட்டு என்கிட்ட ஓடி வந்தவங்க இருக்காங்க.

போன வாரம் ஸ்கேனருக்காக மறுபடி போனேன். "தம்பி, போன்லயும் பயர்பாக்ஸ், டக்டக்கோ எல்லாம் நானே மாத்திட்டேன்"னு பெருமையா எடுத்துக் காட்டினாங்க. நிஜமாவே மாத்தியிருந்தாங்க. "சரி, இதுல எப்படித் தேடுவீங்க, தேடிக் காட்டுங்க"ன்னேன். பிரவுசரைத் திறக்கவே இல்ல, ஹோம் ஸ்கிரீன்ல நடுவுல கிடக்கே அந்த கூகுள் பார், நேரா அதைத் தொட்டுத் தட்ட ஆரம்பிச்சாங்க. பிரவுசர்ல நீங்க என்ன மாத்தினாலும் அந்த விட்ஜெட்டுக்கு அது தெரியாது, அது கூகுள் ஆப்போட சொத்து. அவங்களோடது சாம்சங், பாரை அழுத்திப் பிடிச்சு ரிமூவ் குடுத்ததும் போயிடுச்சு. அந்த இடத்துல பயர்பாக்ஸ் விட்ஜெட்டை இழுத்து வச்சேன், அதே அகலம்தான். ஆன்ட்டி ரெண்டு தடவை தொட்டுப் பாத்துட்டு, "கலர்தான் கொஞ்சம் டல்லா இருக்கு"ன்னாங்க.