சரியான சாவி இல்லாமல் ரைபிளைத் தொடாதீர்கள்

மாவட்டப் போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம். ஒரு அப்பா மகளின் ஏர் ரைபிளைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தார். "சார், பட் பிளேட் ஆடுது, எவ்வளவு முறுக்கியும் நிக்கல" என்றார். ரைபிளின் பின்முனையில் தோளில் பதியும் தகடு அது. பார்த்தேன். போல்ட்டின் தலையில் அறுகோணமாக இருக்க வேண்டிய குழி வட்டமாகத் தேய்ந்திருந்தது. எந்தச் சாவி போட்டீர்கள் என்று கேட்டதும், வீட்டில் கட்டில், மேஜை பூட்டுவதற்கு வைத்திருந்த ஆலன் கீ (அறுகோண முனையுள்ள எல் வடிவச் சாவி) செட்டை எடுத்து நீட்டினார். அது அங்குல அளவு செட். அந்த எம்6 (6 மில்லிமீட்டர் தடிமன்) போல்ட்டுக்கு 5 மில்லிமீட்டர் சாவி வேண்டும். அவர் போட்டது 3/16 அங்குலம், அதாவது 4.76 மில்லிமீட்டர். கால் மில்லிமீட்டர் இடைவெளிதான். ஆனால் அந்த இடைவெளியில் சாவியின் முழுப் பக்கமும் பதியாமல் ஓரம் மட்டுமே அழுந்தும். நாலு தடவை முறுக்கினால் போல்ட்டின் குழியும் போச்சு, சாவியின் முனையும் போச்சு.

பட் பகுதியைத் தனியே கழற்றி, மரக்கட்டை மேல் வைத்து, சற்றே பெரிய, நட்சத்திர முனையுள்ள டார்க்ஸ் பிட்டை நைலான் சுத்தியலால் தட்டி இறக்கி, மெதுவாகத் திருப்பி எடுத்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. அந்தப் பெண் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பட் பிளேட் எந்த அளவில் இருந்தது என்று எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. மறுநாள் காலையில் போட்டி.

போட்டி ஏர் ரைபிள் பெட்டியில் வரும்போது பாதி வேலை நம்முடையதுதான். பட் பிளேட், கன்னம் வைக்கும் கட்டை, கைத்தாங்கி, குறிபார்க்கும் பின் சைட், முன் சைட் எல்லாவற்றையும் சுடுபவரின் உடம்புக்கு ஏற்றபடி பூட்ட வேண்டும். பயிற்சிக் காலம் முழுக்க அவற்றை மாற்றிக்கொண்டேதான் இருப்போம். வீட்டில் செய்யக்கூடிய வேலை இது. செய்யவும் வேண்டும். ஒவ்வொரு திருகுக்கும் கடைக்கு ஓடினால் பிள்ளைகள் தங்கள் ரைபிளைப் புரிந்துகொள்ளவே மாட்டார்கள். அதற்கு நல்ல சாவிகள் நாலைந்து போதும்.

முதலில் மெட்ரிக் ஆலன் கீ வாங்குங்கள்: 2, 2.5, 3, 4, 5 மில்லிமீட்டர். ஐரோப்பியப் போட்டி ரைபிள்களின் பெரும்பாலான திருகுகளை இவை பார்த்துக்கொள்ளும். நூறு துண்டு உள்ள பெரிய பெட்டி வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல எஃகில் ஐந்து சாவி வாங்கலாம். கடையில் சாவியின் முனையை விரலால் தடவிப் பாருங்கள். ஓரம் கூர்மையாக, வெட்டினாற்போல் இருக்க வேண்டும். மழுங்கலாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வீட்டில் இருக்கும் சாவியின் முனை தேய்ந்திருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதில்லை, சாணைக்கல்லில் இரண்டு மில்லிமீட்டர் தேய்த்துவிட்டால் புது முனை கிடைத்துவிடும். தேய்க்கும்போது அவ்வப்போது தண்ணீரில் தொட்டுக்கொள்ளுங்கள், சூடேறினால் எஃகு இளகிவிடும்.

உருண்டை முனை உள்ள சாவி சாய்வாகவும் நுழையும் என்பதால் எல்லோருக்கும் பிடிக்கும். அது வேகமாகச் சுழற்றத்தான். கடைசி இறுக்கலுக்கு நேர் முனைதான் வேண்டும்.

எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். 10 சென்டிமீட்டர் கை உள்ள சாவியின் நுனியில் 5 கிலோ எடை அளவு அழுத்தினால் ஏறக்குறைய 5 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை வரும். பெரிய ஆளின் கைக்கு அது ஒன்றுமே இல்லை. விரலால் தள்ளும் வேலை. ஆனால் அலுமினியக் கட்டைக்குள் போகும் சின்ன எம்4 திருகுக்கு அதுவே அதிகம், மரை பிய்ந்துவிடும். சாவியின் நீளக் கையில் குழாய் மாட்டி நெம்புவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். உங்கள் ரைபிளின் கையேட்டில் அளவு போட்டிருக்கும். குறைந்த முறுக்கு விசை அளவுகளைக் காட்டும் சின்ன டார்க் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று கிளப்பில் நாலு பேர் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம். கார் சக்கரத்துக்கு உள்ள டார்க் ரென்ச் இதற்கு ஆகாது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வேன். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக இறுகாத பின் சைட் 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால், 10 மீட்டர் தள்ளி உள்ள இலக்கில் குண்டு சுமார் 1.4 மில்லிமீட்டர் விலகும். பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 0.5 மில்லிமீட்டர். தசமப் புள்ளியில் ஆள் வெளியேறும் இறுதிச் சுற்றில் இது எவ்வளவு பெரிய தூரம் என்று சுடுகிற பிள்ளைகளுக்குத் தெரியும்.

சாவியை எடுக்கும் முன்னால் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். குண்டு இல்லை என்று கண்ணால் பாருங்கள், குழலில் பாதுகாப்புக் கொடியைச் செருகுங்கள், காற்று சிலிண்டரைக் கழற்றித் தள்ளி வையுங்கள். அதில் பெரும்பாலும் 200 பார் அழுத்தம் இருக்கும். சிலிண்டரையும் அதன் வால்வையும் வீட்டில் திறக்கவே கூடாது. எந்தக் கருவி கையில் இருந்தாலும் சரி. அதன் இணைப்பில் சாதாரண எண்ணெய் விடுவதும் ஆபத்து. சிலிண்டரின் மேல் உள்ள தேதியைப் படியுங்கள், போட்டி விதிப்படி பத்து ஆண்டுக்கு மேல் அது செல்லாது. ட்ரிகர் பெட்டியையும் கழற்ற வேண்டாம், வெளியே உள்ள சரிசெய்யும் திருகுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தோட்டா வெடிக்கும் .22 ரைபிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1959 ஆயுதச் சட்டப்படி அதைப் பழுது பார்க்கும் தொழிலுக்கே உரிமம் வேண்டும். உரிமம் உள்ள இடத்துக்குத்தான் கொண்டு போக வேண்டும்.

கட்டிங் பிளேயர், அட்ஜஸ்டபிள் ஸ்பானர் இரண்டும் ரைபிள் பெட்டிக்குள் வரக்கூடாது. அதற்குப் பதில் ஒரு ஸ்டீல் ஸ்கேலும் நோட்டும் வையுங்கள். எதையும் தளர்த்தும் முன் பென்சிலால் கோடு போட்டு, அளவை எழுதிக்கொள்ளுங்கள்.

2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை மனு பாகரின் பிஸ்டல் போட்டி நடுவே பழுதாகி நிமிடங்கள் போயின. 575 புள்ளியோடு இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். உலகத்தரக் கருவிக்கும் இப்படி நடக்கும். ஆடுகிற திருகாவது நம் கையில் இருக்கிறது.

அந்தப் பெண் அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணி வரை எங்கள் ரேஞ்சில் சுட்டுச் சுட்டுத் தன் பட் பிளேட்டின் இடத்தைத் திரும்பக் கண்டுபிடித்தாள். போகும்போது அவளுடைய அப்பா 5 மில்லிமீட்டர் சாவி ஒன்றை என்னிடம் வாங்கிக்கொண்டு போனார். அளவை நோட்டில் எழுதியது அவள்.