டர்போ காருக்கு எந்த ஈசியூ? முதலில் காற்றைக் கணக்குப் போடுங்கள்

டர்போ காரை டியூன் செய்ய இறங்குபவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஈசியூ போடலாம்?" என்பதுதான். ஈசியூ என்பது எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்று தீர்மானிக்கும் இன்ஜின் கணினி. ஹால்டெக், லிங்க், மோடெக், மெகாஸ்குவர்ட் என்று பெயர்கள் வரிசையாக வந்து விழும். பெயர்களுக்குப் போகும் முன் ஒரு கணக்கைப் போட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகப்போகிறது, அதை அந்த ஈசியூவால் அளக்க முடியுமா? இவ்வளவுதான் கணக்கு.

இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டர்போ இல்லாமல் 6000 ஆர்பிஎம்மில் அது வினாடிக்குச் சுமார் 100 லிட்டர் காற்றை இழுக்கும். எடையில் அது ஏறத்தாழ 120 கிராம். 1 பார் பூஸ்ட் (டர்போ காற்றை அமுக்கித் தரும் கூடுதல் அழுத்தம்) கொடுத்து, அப்படிச் சூடேறும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் ஒழுங்காக வேலை செய்தால் 240 கிராம் வரை போகும். பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று போதும் என்றாலும், முழு பூஸ்ட்டில் 12 பங்குக்குப் பக்கத்தில்தான் கலப்பார்கள். கூடுதலாகப் போகும் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சி சிலிண்டரைக் காப்பாற்றும். அப்படிப் பார்த்தால் வினாடிக்கு 20 கிராம் பெட்ரோல், சிலிண்டருக்கு ஒன்றாக அதைத் தெளிக்கும் ஓர் இன்ஜெக்டருக்கு 5 கிராம்.

அந்த வேகத்தில் ஒவ்வொரு சிலிண்டரும் வினாடிக்கு 50 முறை எரிகிறது. ஒரு முறைக்கு 0.1 கிராம் பெட்ரோல். அதைத் தெளிக்கக் கிடைக்கும் நேரம் மொத்தமே 20 மில்லிவினாடி. அதிலும் 85 சதவீதத்தைத் தாண்டி இன்ஜெக்டரைத் திறந்து வைக்கக் கூடாது என்பது டியூனர்கள் வைத்திருக்கும் எல்லை. அதாவது 17 மில்லிவினாடி. இந்த வேலைக்கு நிமிடத்துக்கு 480 சிசி அளவிலான இன்ஜெக்டர் தேவைப்படும். ஈ85 எத்தனால் கலவைக்கு மாறினால் இதுவும் போதாது, இன்னும் மூன்றில் ஒரு பங்காவது கூட வேண்டும்.

சரி, 240 கிராம் காற்று வருகிறது என்று ஈசியூவுக்கு எப்படித் தெரியும்? ஒரு வழி, மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார். சூடாக்கிய ஒரு கம்பியைக் காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்து நேரடியாகவே எடையைச் சொல்லிவிடும். துல்லியமான முறைதான். ஆனால் அதற்கு ஓர் உச்சம் உண்டு. பல கார்களில் 5 வோல்ட்டைத் தொட்டவுடன் அந்த சென்சார் அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு காற்று வந்தாலும் ஈசியூவுக்கு ஒரே எண்தான் தெரியும். காற்று கூடும், பெட்ரோல் மட்டும் கூடாமல் நின்றுவிடும்.

இன்னொரு வழி ஸ்பீட்-டென்சிட்டி. இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தம், காற்றின் வெப்பம், ஆர்பிஎம் மூன்றையும் வைத்துக் காற்றின் எடையைக் கணக்கிடுவது. இதில் வெப்பம் சின்ன விஷயம் அல்ல. உள்ளே போகும் காற்று 25 டிகிரி செல்சியஸிலிருந்து 65 டிகிரிக்கு ஏறினால், அதே அழுத்தத்தில் எடை சுமார் 12 சதவீதம் குறையும். அழுத்த சென்சாரைப் பொறுத்தவரை அதன் எல்லையைப் பாருங்கள். அது வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தே அளக்கிறது. ஆகவே 2 பார் சென்சார், 1 பார் பூஸ்ட்டிலேயே தன் எல்லையைத் தொட்டுவிடும். 1.5 பார் பூஸ்ட் ஓட்டப்போகிறவருக்கு 3 பார் சென்சார் வேண்டும், அதை ஏற்றுக்கொள்ளும் ஈசியூவும் வேண்டும்.

கம்பெனியிலிருந்து வந்த ஈசியூவால் இந்தக் காற்றை அளக்க முடிகிறது, அதன் மென்பொருளைத் திறந்து மாற்றவும் வழி இருக்கிறது என்றால், அதையே ரீஃப்ளாஷ் செய்து, அதாவது அதன் மென்பொருளைத் திருத்தி எழுதி, வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கருத்து. குளிரில் ஸ்டார்ட் ஆவது, ஏசி போட்டதும் ஐட்லிங் தடுமாறாமல் இருப்பது, ஆக்ஸிலரேட்டரைத் திடீரென மிதிக்கும்போது குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் பெட்ரோலுக்கு ஈடுகட்டுவது, இவற்றுக்கெல்லாம் தயாரிப்பாளர் பெரிய குழுவை வைத்து நீண்ட காலம் சோதித்திருப்பார். வெளியிலிருந்து வாங்கி, கம்பெனி ஈசியூவுக்குப் பதிலாகப் போடும் ஸ்டாண்டலோன் ஈசியூவில் இவை அனைத்தையும் டியூனர் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். இன்ஜின் திறனை அளக்கும் டைனோ இயந்திரத்தில் குதிரைத்திறன் எடுப்பதைவிடக் குளிர்ந்த காலை ஸ்டார்ட்டைச் சரிசெய்வது கடினம்.

புதிய கார்களில் காரணம் இன்னும் வலுவானது. பெடலை மிதித்தால் ஈசியூ அதை 'இவ்வளவு டார்க் (சுழற்றும் விசை) வேண்டும்' என்ற கோரிக்கையாக எடுத்துக்கொள்கிறது. கியர்பாக்ஸும் ஏபிஎஸ்ஸும் காருக்குள் இருக்கும் தகவல் இணைப்பான கேன் பஸ் வழியாக அதோடு பேசிக்கொண்டே இருக்கின்றன. நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜின் (பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் தெளிப்பது) என்றால், இன்ஜெக்டரைத் திறக்கவே 12 வோல்ட் போதாமல் 65 வோல்ட் அளவில் ஓர் உதை கொடுக்க வேண்டும், உயர் அழுத்தப் பம்ப்பையும் இயக்க வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த ஸ்டாண்டலோன் ஈசியூக்கள் குறைவு.

நடுவில் பிக்கிபேக் என்று ஒரு வழி இருக்கிறது. விலை குறைவு, மாட்டுவது சுலபம் என்பதால் பலர் அதற்குத்தான் முதலில் போகிறார்கள். அது சென்சாருக்கும் ஈசியூவுக்கும் இடையில் உட்கார்ந்து சிக்னலைத் திருத்தி அனுப்பும் பெட்டி. பெரிய இன்ஜெக்டர் போட்டிருக்கிறோம், அது ஈசியூவுக்குத் தெரியாது. பழைய கணக்குப்படி திறந்தால் பெட்ரோல் அதிகமாகிவிடும். அதனால் பிக்கிபேக் காற்றைக் குறைத்துச் சொல்கிறது. 240 கிராம் வரும்போது 190 என்கிறது. கலவை சரியாகிவிடும். சிக்கல் எங்கே என்றால், அதே எண்ணை வைத்துத்தான் ஈசியூ, ஸ்பார்க்கை எப்போது கொடுப்பது என்று சொல்லும் இக்னிஷன் டேபிளையும் பார்க்கிறது. காற்று குறைவு என்றால் லோடு (இன்ஜின் மேல் இருக்கும் பளு) குறைவு, லோடு குறைவு என்றால் ஸ்பார்க்கைச் சற்று முன்னதாகவே கொடுக்கலாம் என்பது அந்த டேபிளின் கணக்கு. முழு பூஸ்ட்டில், டைமிங்கைப் பின்னுக்கு இழுக்க வேண்டிய நேரத்தில், அது முன்னுக்குப் போகிறது.

அங்கேதான் நாக்கிங் வருகிறது. சுடர் பரவி முடிவதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தமும் வெப்பமும் தாங்காமல் தானாகவே வெடிக்கிறது. பிஸ்டனின் ஓரம் அரிக்கும், ரிங் உட்காரும் பகுதி உடையும். இன்ஜின் பிளாக்கில் திருகியிருக்கும் நாக் சென்சார் இந்த அதிர்வைக் கேட்கிறது. 86 மில்லிமீட்டர் சிலிண்டரில் அது ஏறக்குறைய 6.5 முதல் 7 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும். 1980களின் தொடக்கத்திலேயே சாப் கார் நிறுவனம் தன் ஏபிசி (APC) அமைப்பில், நாக்கிங் கேட்டால் டர்போ பூஸ்ட்டைக் குறைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்துவிட்டது. இன்றைக்கு ஸ்டாண்டலோன் வாங்குபவர்கள், நாக் சென்சாருக்கு இணைப்பு இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், சிலிண்டர் வாரியாகவும் கிராங்க் கோணம் வாரியாகவும் பிரித்துக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். வால்வு மூடும் சத்தத்தையும் நாக்கிங்கையும் பிரித்தறிய அதுதான் வழி.

ஸ்டாண்டலோன் தேவைப்படுவது எப்போது? கம்பெனி ஈசியூவைத் திறக்க முடியாதபோது, டர்போ இல்லாத இன்ஜினில் புதிதாக டர்போ ஏற்றும்போது, இன்ஜினையே வேறு காரில் மாற்றும்போது. முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் இன்ஜினின் கிராங்க் சக்கர அமைப்பு அதற்குத் தெரியுமா என்பது. கிராங்க் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை இந்தச் சக்கரத்தின் பற்களை எண்ணித்தான் ஈசியூ அறிகிறது. 60 பல்லில் 2 பல் இல்லாத சக்கரம், 36இல் 1 இல்லாதது என்று பல வகை உண்டு. 6000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு மில்லிவினாடிக்கு 36 டிகிரி சுற்றுகிறது. டைமிங்கில் ஒரு டிகிரி பிசகு என்பது 28 மைக்ரோவினாடிதான். பல்லைத் தவறாக எண்ணும் ஈசியூவில் வேறு எந்த வசதி இருந்தும் பயனில்லை. ஏற்கெனவே உள்ள வயரிங் கனெக்டரில் அப்படியே மாட்டும் பிளக்-இன் வகை உங்கள் காருக்குக் கிடைத்தால் அதையே எடுங்கள். புது வயரிங்கில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் டியூனிங் கோளாறு போலவே வேஷம் போடும்.

அடுத்தது பாதுகாப்பு. பலர் ஓர் ஓரமாக ஒதுக்கிவைக்கும் இந்த வசதிக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். இன்ஜெக்டருக்கு மேலுள்ள பெட்ரோலுக்கும் கீழுள்ள மேனிஃபோல்டுக்கும் இடையே 3 பார் அழுத்த வித்தியாசம் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் பம்ப் களைத்துப்போய் அது 2.2 பாருக்கு இறங்கினால், இன்ஜெக்டர் அதே நேரம் திறந்திருந்தும் சுமார் 14 சதவீதம் பெட்ரோல் குறைவாக வரும். 12க்கு 1 என்றிருந்த கலவை 14க்கு 1 ஆகிவிடும். முழு பூஸ்ட்டில் இது இன்ஜினை உடைக்கக்கூடிய எண். வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் இதைக் காட்டும்தான், ஆனால் எரிந்து முடிந்த புகையை வைத்துத்தானே காட்டும்? பத்தில் ஒரு வினாடி தாமதித்தால்கூட ஒவ்வொரு சிலிண்டரும் அதற்குள் ஐந்து முறை எரிந்திருக்கும். பெட்ரோல் அழுத்தத்தை நேரடியாக அளந்து, இறங்கிய கணமே பூஸ்ட்டை வெட்டும் ஈசியூ வேண்டும். ஆயில் அழுத்தத்துக்கும் இதே ஏற்பாடு தேவை. அப்படியானால் உபரி சென்சார்களுக்கு எத்தனை அனலாக் இன்புட் (சென்சார் சிக்னலை வாங்கும் இணைப்பு) காலியாக இருக்கும் என்பதை வாங்கும் முன்பே எண்ணிக்கொள்ளுங்கள்.

அப்புறம், டியூன் செய்யப்போகிறவர் யார் என்பதை ஈசியூ வாங்குவதற்கு முன் முடிவு செய்யுங்கள். அவர் தினமும் கையாளும் மென்பொருளில், நடுத்தரமான ஈசியூவே அருமையாக ஓடும். அவருக்குப் பழக்கமில்லாத உயர்தரப் பெட்டியில் பாதி வசதிகள் திறக்கப்படாமலே கிடக்கும். இன்ஜெக்டரின் டெட் டைம், அதாவது மின்சாரம் பாயத் தொடங்கிய பிறகும் அது திறக்க எடுக்கும் தாமதம், பேட்டரி வோல்ட்டேஜ் வாரியாக எங்கிருந்து எடுப்பீர்கள் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். இன்ஜெக்டர் தயாரிப்பாளரின் அட்டவணையிலிருந்து என்று சொன்னால் நம்பிக் கொடுக்கலாம். வேலை முடிந்ததும் மேப் ஃபைலையும் (டியூன் செய்த எண்கள் அடங்கியது) கடைசி டைனோ ஓட்டத்தின் லாக்கையும் (பதிவையும்) கேட்டு வாங்குங்கள். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய மேப்பாக இருந்தால் அடுத்த டியூனர் அதைத் திறந்து பார்க்கவே முடியாது. பூட்டுவாரா என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.