310 மேற்கோள் சேர்ந்தும் அசையாத எச்-இண்டெக்ஸ்

பல்கலைக்கழக நூலகத்தில் என் வேலையில் பாதி, பேராசிரியர்களுக்கு மேற்கோள் அறிக்கை, அதாவது அவர்கள் எழுதியதை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை எடுத்தாண்டிருக்கிறார்கள் என்ற கணக்கு, எடுத்துக் கொடுப்பது. பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் காலத்தில் என் மேசைக்கு முன்னால் எப்போதும் ஒருவர் காத்திருப்பார். வேதியியல், இயற்பியல் துறையினர் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் அறிக்கையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சமூகவியல், மானுடவியல், வரலாறு என்று வருபவர்கள்தான் திரையைப் பார்த்தபடி பேச்சில்லாமல் உட்கார்ந்துவிடுவார்கள்.

அப்படி உட்கார்ந்த ஒருவரின் கணக்கைச் சொல்கிறேன். எண்களை மட்டும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். இருபது வருடமாகக் கள ஆய்வு செய்பவர் அவர். ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றின் மேற்கோள்களையும் தொகுக்கும் ஸ்கோபஸ் தரவுத்தளம் அவர் பெயரில் ஐந்து கட்டுரைகளைக் காட்டியது. அவற்றுக்கு வந்த மேற்கோள்கள் 24, 11, 6, 4, 2. குறைந்தது நாலு மேற்கோள் பெற்ற கட்டுரைகள் நாலு இருப்பதால் எச்-இண்டெக்ஸ் 4. “இவ்வளவுதானா நான்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை.

அவருடைய வாழ்நாள் உழைப்பெல்லாம் ஒரு புத்தகத்தில் இருந்தது. அந்தப் புத்தகமோ பட்டியலிலேயே இல்லை. சரி என்று வெப் ஆஃப் சயின்ஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் வேறு வழியாகத் தேடினோம். அங்கே, மற்றவர்களுடைய கட்டுரைகளின் கடைசியில் இருக்கும் நூற்பட்டியலுக்குள்ளேயே தேடும் வசதி ஒன்று உண்டு. தரவுத்தளத்தில் சேர்க்கப்படாத புத்தகமும் அதில் அகப்படும். அகப்பட்டது, பல உருவங்களில். ஒன்றில் தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டிருந்தது, இன்னொன்றில் ஆண்டு தவறு, வேறொன்றில் அவர் பெயரின் முதலெழுத்து இடம் மாறியிருந்தது. மதியம் முழுவதும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கூட்டினோம். 310 வந்தது.

இப்போது வரிசை 310, 24, 11, 6, 4, 2. எச்-இண்டெக்ஸை 2005-ல் வகுத்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவருக்கு அது 5 ஆக வேண்டுமென்றால், குறைந்தது ஐந்து மேற்கோள் பெற்ற படைப்புகள் ஐந்து இருக்க வேண்டும். இங்கே ஐந்தாவதுக்கு இருப்பது நாலுதான். ஆகவே 310 மேற்கோள் பெற்ற புத்தகம் சேர்ந்த பிறகும் எச்-இண்டெக்ஸ் அதே 4. நான் தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று அவர் பேனாவை எடுத்துத் தானே போட்டுப் பார்த்தார்.

நிறைய கட்டுரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓரளவு மேற்கோள் வாங்குகிறவருக்குப் பொருந்துகிற அளவுகோல் இது. பத்து வருடம் உழைத்து ஒரே ஒரு பெரிய நூலைத் தருகிறவரை இது அளப்பதே இல்லை. அதிக மேற்கோள் பெற்ற படைப்புக்குக் கூடுதல் எடை கொடுக்கும் ஜி-இண்டெக்ஸ் 2006-லேயே வந்துவிட்டது. ஆனால் விண்ணப்பப் படிவங்களில் அதற்குக் கட்டம் இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆய்விதழ்களுக்குத் தரும் இம்பாக்ட் ஃபேக்டர் என்ற எண்ணின் கதை இன்னும் மோசம். யூஜின் கார்ஃபீல்ட் அதைக் கொண்டுவந்தது ஆய்விதழ்களைத் தேர்ந்தெடுக்க, ஆட்களைத் தேர்ந்தெடுக்க அல்ல. ஓர் இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்தவற்றுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை வைத்துப் போடும் சராசரி அது. ஒரு சமூகவியல் கட்டுரையை இன்னொருவர் படித்து, களத்துக்குப் போய் வந்து, எழுதி, மதிப்பீட்டாளர்களைத் தாண்டி அச்சில் வருவதற்குள் அந்த இரண்டு ஆண்டு ஓடிவிடும். பல சமூக அறிவியல் இதழ்களில் பத்து வருடத்துக்கு முந்தைய கட்டுரைகளைத்தான் இன்றும் அதிகம் எடுத்தாள்கிறார்கள். அப்புறம் மொழி. ஆய்வு நடந்த ஊர் மக்கள் படிக்கும்படி அவர்கள் மொழியிலேயே எழுதியவருக்கு இந்தத் தரவுத்தளங்களில் கிடைப்பது பெரும்பாலும் பூஜ்யம்தான். எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

கூகுளின் ஆய்வுத் தேடுதளமான கூகுள் ஸ்காலர் புத்தகங்களையும் ஆய்வேடுகளையும் எண்ணும், அதனால் எண்ணிக்கை கூடும். ஆனால் அதே பெயருள்ள வேறொருவரின் மருத்துவக் கட்டுரை அங்கே உங்கள் பெயரிலுள்ள பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது பார்த்து நீக்குங்கள். ஒரே படைப்பு இரண்டாகப் பிரிந்திருந்தால் இணையுங்கள். ஒரே பெயருள்ள ஆய்வாளர்களைப் பிரித்துக் காட்டும் அடையாள எண்ணான ஆர்கிட் (ORCID) எண் இல்லையென்றால் இன்றே வாங்கிக்கொள்ளுங்கள். பதினாறு இலக்கம், இலவசம்.

மேற்கோள் எண்ணிக்கையை எங்கே எழுதினாலும், எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதி என்று பக்கத்திலேயே போடுங்கள். மூன்று தளங்கள் மூன்று எண் காட்டும். தேதி இல்லாத எண்ணை யாராலும் சரிபார்க்க முடியாது. துறை வேறுபாட்டைக் கணக்கில் எடுத்த எண் கிடைத்தால் அதையும் சேருங்கள். அதில் 1 என்றால் அதே துறையில், அதே ஆண்டில் வந்தவற்றின் உலக சராசரி. ஆனால் மிகக் குறைவான கட்டுரைகளை வைத்துப் போட்டால் அந்த எண்ணையும் நம்ப முடியாது.

இதழின் எண்ணை வைத்துத் தனி ஆய்வாளரை எடைபோடக் கூடாது என்று 2013-ல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் சொல்கிறது. 2015-ல் வந்த லைடன் அறிக்கை, நிபுணர்கள் படித்துத் தரும் மதிப்பீட்டுக்கு எண்கள் துணையாகத்தான் நிற்க வேண்டும் என்பதைத் தன் பத்துக் கொள்கைகளில் முதலாவதாக வைத்திருக்கிறது. தேர்வுக் குழுவில் உட்காருகிறவர்கள் இவ்விரண்டையும் ஒருமுறை படித்துவிட்டு உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்று வந்தவரிடம் எச்-இண்டெக்ஸுக்குக் கீழே ஒரு பக்கக் குறிப்பு எழுதச் சொன்னேன். அந்தப் புத்தகத்தை எந்தெந்தத் துறையினர் எதற்காக எடுத்தாண்டிருக்கிறார்கள், அதில் யார் ஏற்றார்கள், யார் மறுத்தார்கள் என்று நாலு உதாரணத்தோடு எழுதினார். அடுத்த மாதம் குழுவிலிருந்து ஒருவர் நூலகத்துக்கு வந்து அந்தப் புத்தகத்தைக் கேட்டார். எங்களிடம் இருந்த ஒரே பிரதியை எடுத்துக் கொடுத்தேன்.