கேமராவுக்குக் கேலி தெரியாது

அங்கத நாவல் ஒன்றைத் திரைக்கதையாக்கப் போகிறேன் என்று வருகிற இளம் எழுத்தாளர்களிடம் நான் முதலில் சொல்வது, விருந்துக் காட்சியிலிருந்து தொடங்காதீர்கள் என்பதுதான். பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் வெற்று ஆட்டபாட்டத்தைச் சாடும் கதைகள் திரையில் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான். புத்தகத்தில் கதைசொல்லி ஒரே வரியில் அந்தக் கூட்டத்தின் சாயத்தை வெளுத்துவிடுவார். திரையில் அந்தக் குரல் கிடையாது. பட்டு உடையும் சரவிளக்கும் துள்ளல் இசையும்தான் மிஞ்சும். பார்க்கிறவருக்கு எரிச்சல் வர வேண்டிய இடத்தில் ஏக்கம் வந்துவிடுகிறது.

இதைப் புரிந்துகொள்ள நான் படிக்கச் சொல்வது ஆங்கில எழுத்தாளர் ஈவ்லின் வா எழுதி 1930இல் வெளிவந்த 'வைல் பாடீஸ்' நாவலை. முதல் உலகப் போருக்குப் பிந்தைய லண்டனில் விடிய விடிய விருந்து, மது, கடன், கிசுகிசுப் பத்தி என்று திரிந்த இளைஞர்களின் கதை அது. ஸ்டீபன் ஃப்ரை அதை 'பிரைட் யங் திங்ஸ்' என்ற பெயரில் 2003இல் படமாக்கினார். திரைக்கதையும் அவருடையதே, இயக்குநராக அவருக்கு அது முதல் படம்.

நாவலில் சில காட்சிகள் திரைக்கென்றே எழுதியவை போல இருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒருத்தியான அகதா ரன்சிபிள் இரவெல்லாம் ஆடிவிட்டு, அரைகுறையாக அறிமுகமான ஒரு பெண்ணின் வீட்டில் தங்குகிறாள். காலையில் ஹவாய்ப் புல்பாவாடையோடு சிற்றுண்டி மேசைக்கு வந்து செய்தித்தாளைப் புரட்டுகிறாள். பிரதமர் இல்லத்தில் நள்ளிரவுக் கூத்து என்று அதில் செய்தி. தான் உட்கார்ந்திருப்பது அந்தப் பிரதமரின் வீட்டில்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது. ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்தால் எதிரே நிருபர்களும் புகைப்படக்காரர்களும். அரசாங்கமே அதில் கவிழ்ந்துவிடுகிறது. இங்கே கதைசொல்லி தேவையில்லை. பாவாடை, பத்திரிகை, கதவு மூன்றும் போதும்.

சைமன் பால்கேர்னின் முடிவு அப்படி எளிதாக வசப்படாது. பிரபு குலத்தில் பிறந்து, கிசுகிசுப் பத்தி எழுதிப் பிழைப்பவன். ஒரு விருந்தில் மாறுவேடத்தில் நுழைந்து பிடிபட்டு, விரட்டப்பட்டு, பொய்ச் செய்தி ஒன்றைத் தொலைபேசியில் பத்திரிகைக்கு ஒப்பித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொள்கிறான். அந்த நேரத்திலும், தான் விரித்த செய்தித்தாள் போட்டிப் பத்தியாளரின் பக்கம் என்பதைக் கண்டு வருந்தி வேறு தாள் எடுத்துப் போடுகிறான். வா இதைத் துளி ஈரமில்லாமல் சொல்கிறார். அந்த வறட்சிதான் படிப்பவரை உலுக்குகிறது. திரையில் உயிருள்ள ஒரு முகம் வந்துவிடுகிறது; படத்தில் அது ஜேம்ஸ் மெக்கவாயின் முகம். இரக்கம் பொங்கும், பொங்கட்டும். ஆனால் இசை ஏறி குளோஸ்-அப் நீண்டால், பத்திரிகைத் தொழில்மேல் விழ வேண்டிய அடி தனிமனிதச் சோகமாகக் கரைந்துவிடும். என் யோசனை: அவன் சாகும் விதத்தைக் காட்டவே வேண்டாம். மாற்றிப்போடும் அந்தத் தாளைக் காட்டி, அடுத்த ஷாட்டில் அச்சு இயந்திரத்துக்குப் போய்விடுங்கள்.

பணமும் அப்படித்தான். கதாநாயகன் ஆடம் தன் ஹோட்டல் பாக்கியை அடைக்கக் காதலி நீனாவையே இன்னொருவனுக்கு விட்டுக்கொடுக்கிறான். விலை 78 பவுண்டு, 16 ஷில்லிங், 2 பென்ஸ். அந்த 2 பென்ஸில் இருக்கிறது முழு அங்கதமும். 'ஒரு தொகைக்கு' என்று சுருக்கிவிட்டால் காட்சி செத்துவிடும். பில்லைத் திரையில் காட்டுங்கள், வசனம் வேண்டாம்.

முகமூடி விருந்து, கிரேக்க விருந்து, ரஷ்ய விருந்து, சர்க்கஸ் விருந்து என்று வா ஒரே மூச்சில் அடுக்கிக்கொண்டே போவார். படிக்கும்போதே களைத்துவிடுவோம். அந்தக் களைப்பை எடிட்டிங்கில்தான் கொண்டுவர முடியும். முதல் விருந்துக்கு நான்கு நிமிடம் கொடுத்தால் மூன்றாவதற்கு நாற்பது விநாடி கொடுங்கள். அதே பாட்டு, அதே சிரிப்பு, ஆனால் கலைந்த ஒப்பனை.

தயாரிப்புத் தரப்பிலிருந்து தவறாமல் வரும் கோரிக்கை, 'கடைசியில் இவர்கள் திருந்த வேண்டும்' என்பது. இதற்கு மட்டும் இணங்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நாவலின் கடைசி அத்தியாயத்துக்கு 'மகிழ்ச்சியான முடிவு' என்று தலைப்பு, நடப்பதோ போர்க்களத்தில். இரண்டாம் உலகப் போர் அப்போது வந்திருக்கவில்லை. வா கற்பனையாக ஒரு பெரும்போரை மூட்டினார். குதிரைப் பந்தயத்தில் ஆடம் வென்ற 35,000 பவுண்டு அங்கேதான் அவன் கைக்கு வருகிறது. அதற்குள் பணத்தின் மதிப்பு சரிந்து, இரண்டு கோப்பை மதுவுக்கும் ஒரு செய்தித்தாளுக்கும்தான் அது காணும் என்ற நிலை. ஃப்ரை கதையை நிஜமான இரண்டாம் உலகப் போருக்குள் நகர்த்தி, ஆடமையும் நீனாவையும் சேர்த்துவைக்கிறார். பார்வையாளருக்கு ஆறுதல்தான். எனக்கோ, வா ஓங்கிய கையை ஃப்ரை பிடித்துக்கொண்டதாகவே படுகிறது.

முடிவை மாற்றும் அதிகாரம் யாருக்கு என்பதை உரிமை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய புத்தகம்தானே என்று உரிமையே வாங்காமல் இறங்கிவிடவும் வேண்டாம். வா 1966இல் காலமானார். ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் என்ற பிரிட்டன் சட்டப்படி அவர் நூல்களுக்கு 2036 இறுதிவரை பதிப்புரிமை உண்டு. அமெரிக்காவிலோ 1930இல் வெளியான நூல்களின் காலம் 2025 இறுதியோடு முடிந்துவிட்டது. எந்தெந்த நாட்டில் படத்தை வெளியிடப் போகிறீர்களோ அந்தந்த நாட்டுச் சட்டத்தை, முதல் காட்சியை எழுதும் முன்பே ஒரு பதிப்புரிமை வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.