ராணுவப் புரட்சியா, ஆட்சிக் கவிழ்ப்பா?

எங்காவது ஒரு நாட்டில் தளபதிகள் வானொலி நிலையத்தைப் பிடித்து, அதிபரின் மாளிகையைச் சுற்றி டாங்கிகளை நிறுத்தினால், மறுநாள் தமிழ்ச் செய்தியில் 'ராணுவப் புரட்சி' என்று வந்துவிடும். நமக்குப் பழகிப்போன சொல்தான். ஆனாலும் அதைக் கைவிட வேண்டும் என்றே நினைக்கிறேன். காரணத்தைச் சொல்ல, அந்தச் சொல் எதற்கு ஈடாக வந்ததோ அங்கிருந்து தொடங்க வேண்டும்.

பிரெஞ்சில் இதற்குப் பெயர் 'கூ தேத்தா'. கூ என்றால் அடி, குத்து. எழுத்தில் கடைசியில் ஒரு 'ப்' உண்டு, வாயில் வராது. தேத்தா என்றால் அரசினுடைய. இந்தக் 'கூ' லத்தீன் வழியாகக் கிரேக்கத்தின் 'கோலபோஸ்' வரை போகிறது. கை முஷ்டியால் விடும் குத்துக்கு அங்கே அதுதான் பெயர். ஸ்பானிய மொழியின் 'கோல்பே'யும் இதே வேரில் வந்தது. ஜெர்மன் மொழியின் 'புட்ச்' வேறு வேர், ஸ்விட்சர்லாந்துப் பேச்சுவழக்கிலிருந்து வந்தது. அதற்கும் இடி, மோதல் என்றே பொருள்.

அடிப்பது யார் என்பதுதான் இந்தச் சொல்லின் கதையில் முக்கியம். 1639இல் காப்ரியேல் நோதே என்ற பிரெஞ்சு அறிஞர் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவர் பார்வையில் இது அரசின் மேல் விழும் அடி அல்ல, அரசே கொடுக்கும் அடி. சட்டத்தையும் வழக்கத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு, மன்னன் ரகசியமாகத் திட்டமிட்டுச் செய்யும் திடீர் நடவடிக்கை. 1799 நவம்பரில் நெப்போலியன் படைபலத்தோடு ஆட்சியைப் பிடித்தார். 1851 டிசம்பரில் அவர் உறவினர் லூயி நெப்போலியன், பதவியில் இருக்கும் அதிபராகவே சட்டமன்றத்தைக் கலைத்து முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டார். இன்று நாம் அறிந்த பொருள் இப்படித்தான் நிலைபெற்றது. பொருள் மாறினாலும் ஒன்று மாறவில்லை. அடிப்பவர் வெளியாள் அல்ல, அரசின் சம்பளத்தையும் சீருடையையும் துப்பாக்கியையும் வைத்திருக்கும் உள்ளாள்.

இந்த உள்ளாள் என்ற பொருள் 'புரட்சி'யில் இல்லை. புரள், புரட்டு என்ற வினைகளிலிருந்து வந்த சொல் அது. கீழே கிடப்பது மேலே வருவதைக் குறிக்கும். ரஷ்யாவில் ஜார் மன்னன் வீழ்ந்ததைப் பாடிய பாரதியார் 'யுகப்புரட்சி' என்றார். பிறகு புரட்சிக் கவிஞர், புரட்சித் தலைவர் என்று பட்டங்களில் ஏறி, தமிழில் அது ஒரு மரியாதைச் சொல்லாகவே ஆகிவிட்டது. நான்கு தளபதிகள் ஒரு அறைக்குள் பேசி முடித்த காரியத்துக்கு அந்த மரியாதையை ஏன் தர வேண்டும்?

தளபதிகளுக்கு இந்த மரியாதை வேண்டும் என்பதுதான் சிக்கல். தென் வியட்நாமைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். 1963இல் அங்கே கம்யூனிஸ்ட் கொரில்லாக்களோடு போர் நடந்துகொண்டிருந்தது. அதிபர் நியோ தின் தியெம் கத்தோலிக்கர். மே மாதம் ஹியூ நகரில் பௌத்தக் கொடி ஏற்றத் தடை வந்தது, எதிர்த்துத் திரண்டவர்களில் சிலர் கொல்லப்பட்டார்கள். ஜூன் 11 அன்று திக் குவாங் டக் என்ற பௌத்தத் துறவி தலைநகர் சைகோனின் தெருச் சந்திப்பில் தீக்குளித்தார். நவம்பர் 1 அன்று தளபதி டுவோங் வான் மின் தலைமையில் படை எழுந்தது. மாலை நாலரை மணிக்குத் தியெம் அமெரிக்கத் தூதர் ஹென்றி கபோட் லாட்ஜுக்குப் போன் செய்து, அமெரிக்காவின் நிலை என்ன என்று கேட்டார். வாஷிங்டனில் இப்போது விடிகாலை நாலரை, அங்கே எந்தக் கருத்தும் இருக்க வாய்ப்பில்லை என்று பதில் வந்தது. ஆனால் தளபதிகளின் திட்டம் அமெரிக்காவுக்கு முன்பே தெரியும். மறுநாள் காலை, சோலோன் பகுதியில் ஒரு தேவாலயத்தில் இருந்த தியெமையும் அவர் தம்பி நூவையும் ஒரு கவச வண்டியில் ஏற்றினார்கள். கைகளைப் பின்னால் கட்டி, வண்டிக்குள்ளேயே கொன்றார்கள். முதலில் வெளியான செய்தி, இருவரும் தற்கொலை செய்துகொண்டார்கள் என்பது.

இதைச் செய்த தளபதிகள் தங்கள் குழுவுக்கு வைத்த பெயர் 'ராணுவப் புரட்சி மன்றம்'. நவம்பர் 1 தேசிய நாளானது. விமான நிலையம் போகும் சாலைக்கு 'நவம்பர் 1 புரட்சி' என்று பெயர் சூட்டினார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை, 1964 ஜனவரி 30 அன்று நுயென் கான் என்ற இன்னொரு தளபதி இவர்களை இறக்கினார். அவர் அதற்கு வைத்த பெயர் 'சின் லீ', அதாவது ஒழுங்குபடுத்துதல். அதே ஆண்டு செப்டம்பரில் கானை இறக்க ஒரு முயற்சி, 1965 பிப்ரவரியில் இன்னொன்று. அந்த மாதமே கான் நாட்டை விட்டு வெளியேறினார். ஜூனில் மறுபடியும் தளபதிகள் கையில் ஆட்சி. ஒவ்வொரு முறையும் மாகாணத் தலைவர்களும் படைத் தலைவர்களும் மாற்றப்பட்டார்கள். களத்தில் எதிரியைப் பார்க்க வேண்டிய படைகள் தலைநகரைப் பார்த்து நின்றன. 'அரசியல் ஸ்திரமின்மை' என்று எழுதுகிறோமே, அது இதுதான். 'நிலையின்மை' என்றாலே போதும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? வியட்நாமிய மக்கள் இதற்கு வைத்திருக்கும் சொல் 'தாவ் சின்'. தாவ் என்றால் கவிழ்ப்பது, சின் என்றால் ஆட்சி. நம்முடைய 'ஆட்சிக் கவிழ்ப்பு' அப்படியே அங்கே இருக்கிறது! பிரெஞ்சின் குத்தைவிட இந்தக் கவிழ்ப்புதான் நமக்கு இயல்பு. குடத்தைக் கவிழ்த்தால் உள்ளே இருப்பது கொட்டிவிடும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு குறை உண்டு. சட்டமன்றத்தில் நாலு பேர் அணி மாறினாலும் 'ஆட்சியைக் கவிழ்த்தார்கள்' என்கிறோம். ஆகவே படை செய்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகச் சிலர் 'ராணுவ ஆட்சிக் கவிழ்ப்பு' என்று எழுதுகிறார்கள். அது ராணுவம் செய்த கவிழ்ப்பா, ராணுவ ஆட்சியையே கவிழ்த்ததா? 1964 ஜனவரியில் கான் செய்தது இரண்டும்தான், அங்கே வேண்டுமானால் பொருந்தும். மற்ற இடங்களில் வினையாக எழுதிவிடுங்கள்: 'ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது'. தலைப்புக்குச் சுருக்கமாக வேண்டும் என்றால் 'ஆட்சிப் பறிப்பு' நல்ல சொல். வழிப்பறியில் இருக்கும் அதே பறிப்பு, வன்முறை அதில் தானாகவே தெரிகிறது. 'சதிப்புரட்சி' என்று எழுதுவோர் உண்டு. சதி சரி, பின்னால் ஒட்டியிருக்கும் புரட்சிதான் இடிக்கிறது.

அப்புறம், கலகமும் கிளர்ச்சியும் வேறு. சிப்பாய்கள் அதிகாரிகளுக்குக் கீழ்ப்படிய மறுத்தால் கலகம். மக்கள் அரசை எதிர்த்து எழுந்தால் கிளர்ச்சி. இரண்டிலும் ஆட்சி கைமாற வேண்டும் என்பதில்லை. 1960 நவம்பரில் வான்குடைப் படையினர் தியெமின் மாளிகையை முற்றுகையிட்டுத் தோற்றதை 'ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி' என்று எழுதினால் சரியாக இருக்கும்.

சைகோனின் அந்த விமான நிலையச் சாலைக்கு இன்று வேறு பெயர். 1964இல் அதே சாலையின் பாலத்தில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மக்னமாராவைக் குண்டு வைத்துக் கொல்ல முயன்று மரண தண்டனை பெற்ற இளைஞர் நுயென் வான் துரோயின் பெயர். 1975இல் போர் முடிந்ததும் தளபதிகளின் 'புரட்சி'யைப் பெயர்ப் பலகையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.