மறைந்த கோப்புறைகளும் 12-ஆவது பைட்டும்

அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார்: "திருப்புதல் தேர்வு வினாத்தாளை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் பென்டிரைவைச் செருகினால், கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தன. ஃபார்மேட் செய்யச் சொன்னார்கள், செய்தேன். மறுநாளே மறுபடியும் ஷார்ட்கட். பென்டிரைவ் கெட்டுவிட்டதா?"

கெடவில்லை. இது ஷார்ட்கட் வைரஸின் வேலை: கோப்புறைகளை மறைத்துவிட்டு, அவற்றின் இடத்தில் ஷார்ட்கட்டுகளை, அதாவது வேறொன்றைத் திறக்கும் சிறு இணைப்புகளை, வைக்கும். அவருடைய கோப்புகளை அந்த வைரஸ் அழிக்கவும் இல்லை. அழித்தது ஃபார்மேட்தான். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. என் அக்காள் மகளின் ஆய்வேடு இப்படித்தான் போனது. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில், ஒரு வார்த்தை கேட்காமல் ஃபார்மேட் செய்து கையில் கொடுத்துவிட்டார்கள். இரண்டு மாத உழைப்பு அதில் இருந்தது.

ஒரு காலத்தில் பென்டிரைவைச் செருகினாலே போதும், அதிலுள்ள நிரலை விண்டோஸ் தானாக இயக்கத் தயாராக நிற்கும். 2008-இன் இறுதியில் கிளம்பிய கான்ஃபிக்கர் என்ற கணினிப் புழு பரவிய வழிகளில் இந்த ஆட்டோரன் வசதியும் ஒன்று. 2011-இல் பழைய விண்டோஸ் பதிப்புகளுக்கும் அப்டேட் அனுப்பி, பென்டிரைவுக்கு அந்த வசதியை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. தானாக ஓட வழியில்லை என்றால், யாராவது ஒருவர் கிளிக் செய்தாக வேண்டும். நம்மையே கிளிக் செய்ய வைக்கும் ஏற்பாடுதான் ஷார்ட்கட்.

ஆனால் உங்கள் கோப்புறை கண்முன்னே இருந்தால் நீங்கள் ஏன் ஷார்ட்கட்டைத் தொடப்போகிறீர்கள்? ஆகவே முதலில் அசலை மறைக்க வேண்டும். பல ஜிபி படங்களை வேறொரு டிரைவுக்கு நகர்த்தி ஒளிப்பதற்கு நேரம் பிடிக்கும். வைரஸ் அப்படி எதையும் செய்வதில்லை. அது செய்வதைப் பார்க்கும்போது, கோபத்தையும் மீறி எனக்கு வியப்பு வருகிறது.

பல பென்டிரைவ்களில் இருப்பது ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பு. அதில் ஒவ்வொரு கோப்புக்கும் கோப்புறைக்கும் பதிவேட்டில் 32 பைட் நீளமுள்ள ஒரு பதிவு உண்டு. முதல் 11 பைட்டுகள் பெயருக்கு. நீளமான பெயர்களுக்குக் கூடுதல் பதிவுகள் சேரும், அது இங்கே வேண்டாம். 12-ஆவது பைட்தான் நம் கதாநாயகன். அதன் 8 பிட்டுகளில் ஒவ்வொன்றும் ஒரு சுவிட்ச் மாதிரி. 1-இன் மதிப்புள்ள பிட், "படிக்க மட்டும்". 2, "மறைக்கப்பட்டது". 4, "சிஸ்டத்துக்கு உரியது". 16, "இது கோப்புறை". சாதாரணக் கோப்புறை ஒன்றின் 12-ஆவது பைட்டில் 16 இருக்கும். வைரஸ் அதோடு 2-ஐயும் 4-ஐயும் சேர்க்கிறது. 16 என்பது 22 ஆகிறது, அவ்வளவுதான். உள்ளே 8 ஜிபி திருமணப் படங்கள் இருந்தாலும் மாறுவது இரண்டே இரண்டு பிட். படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

2 மட்டும் போதாதா, 4 எதற்கு? "மறைந்த கோப்புகளைக் காட்டு" என்று விண்டோஸில் ஒரு தேர்வு உண்டு, பலருக்கும் தெரியும். மறைவு, சிஸ்டம் இரண்டும் சேர்ந்த கோப்புகளை அந்தத் தேர்வும் காட்டாது. இயக்கமுறைமையின் முக்கியக் கோப்புகளை யாரும் தவறி அழித்துவிடக் கூடாது என்று விண்டோஸ் வைத்த காவல் அது. அந்தக் காவலையே வைரஸ் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. ஆனாலும் சாட்சி ஒன்று மிஞ்சும். பென்டிரைவின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, பயன்படுத்திய இடம் எவ்வளவு என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரிவது சில கேபி ஷார்ட்கட்டுகள், கணக்கிலோ 6 ஜிபி என்றால், உங்கள் கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன.

அசலை மறைத்த கையோடு, அதே பெயரில், விண்டோஸின் மஞ்சள் கோப்புறைப் படத்தையே போட்டு ஒரு ஷார்ட்கட் முளைக்கும். இடது கீழ் மூலையில் ஒரு சிறு அம்புக்குறி. வித்தியாசம் அது மட்டும்தான். அதைத் திறந்தால் இரண்டு வேலைகள் நடக்கும்: வைரஸ் ஓடும், மறைந்திருக்கும் உண்மையான கோப்புறையும் திறக்கும். வினாத்தாள் வழக்கம்போல் கிடைத்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

அந்த நொடியில் வைரஸ் கணினிக்குள் தன்னைப் படியெடுத்துக்கொள்கிறது. கணினி இயங்கத் தொடங்கும்போதெல்லாம் தன்னையும் எழுப்பும்படி, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி எழுதிவைக்கிறது. பிறகு சில வினாடிகளுக்கு ஒருமுறை, புதிய டிரைவ் ஏதாவது செருகப்பட்டதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஆசிரியை ஃபார்மேட் செய்த பென்டிரைவ் மறுநாள் மறுபடி மாறியது இதனால்தான். வைரஸ் இப்போது குடியிருப்பது அவர் வீட்டுக் கணினியில். "ராசியில்லாத பென்டிரைவ்" என்று தூக்கி எறிந்து புதிது வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். புதியதற்கும் அதே கதிதான்.

எனவே நீக்குவதில் வரிசை முக்கியம். ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, முதலில் வைரஸை நிறுத்த வேண்டும். பெரும்பாலும் டபிள்யூஸ்கிரிப்ட் (wscript) என்ற, ஸ்கிரிப்டுகளை இயக்கும் விண்டோஸ் நிரலின் பெயருக்குப் பின்னால் இருக்கும். அடுத்து ஸ்டார்ட்அப் பட்டியலில் அதன் வரியை நீக்க வேண்டும். பின்பு கணினியிலுள்ள கோப்பை அழித்து, ஆன்டிவைரஸால் முழுச் சோதனை. பென்டிரைவ் கடைசியில்தான். அதில் ஷார்ட்கட்டுகளையும் வைரஸ் கோப்பையும் அழித்துவிட்டு, கமாண்ட் பிராம்ப்டில் அட்ரிப் (attrib) என்ற கட்டளையால் மறைவு, சிஸ்டம் என்ற இரண்டு அடையாளங்களையும் எடுத்துவிடலாம். 22 மறுபடி 16 ஆகிவிடும்.

2017-இல் மத்திய அரசு சைபர் சுவச்தா கேந்திராவைத் தொடங்கி, இலவசக் கருவிகளைக் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் நான் கேட்டவரை, அதைப் பற்றி அறிந்தவர் ஒருவரும் இல்லை. நாள் முழுக்க ஊராரின் பென்டிரைவ்களைக் கையாளும் அந்தத் தம்பிகளுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுக்கவும் பணம் ஒதுக்க வேண்டும். கருவி செய்யும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையே அல்ல.

ஆசிரியைக்கு: எல்லாம் முடிந்தபின், வெறும் கோப்புறை ஒன்றை மட்டும் பென்டிரைவில் உருவாக்கி, கழற்றி, மீண்டும் செருகுங்கள். ஒரு நிமிடம் எதையும் தொடாமல் பார்த்திருங்கள். அம்புக்குறி முளைத்தால் கணினியில் ஒரு பிரதி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. டாஸ்க் மேனேஜரிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.