கொப்பிக்குள் காய்ந்த செவ்வரத்தை

கலியாண மண்டபத்தில் விருந்தினர் கலைந்த பிறகு மணவறையைக் கழற்ற ஆட்கள் வருவார்கள். காலையில் கட்டிய செவ்வந்தியும் மல்லிகையும் ரோசாவும் அரை மணி நேரத்தில் உரப்பைகளுக்குள் போய்விடும். யாழ்ப்பாணத்தில் பதினாறு வருடமாகப் படம் எடுக்கிறேன். முதல் பத்து வருடமும் அந்தப் பைகளை நான் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது புறப்படுமுன் ஒரு கைப்பிடி அள்ளிப் பழைய பேப்பரில் சுற்றி எடுத்து வருகிறேன். ஸ்ரூடியோவின் யன்னலோரத்தில் அவை காய்கின்றன. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ கமெராவை எடுக்கிறேன்.

பூ காய்ந்த பிறகுதான் அதன் உடலமைப்பு தெரிகிறது என்பது என் அனுபவம். புதிதாய் இருக்கும்வரை நிறமே கண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதழின் எடையில் பெரும்பங்கு தண்ணீர். அது வற்றியதும் மென்மையான திசு சுருங்கிவிடும், நரம்புகள் அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. அதனால் நரம்புக்கும் நரம்புக்கும் இடையில் இதழ் பள்ளம் விழுந்து, குருத்தோலை போல மடிப்பு மடிப்பாக நிற்கிறது. நிறங்களும் ஒரே மாதிரி மாறுவதில்லை. செவ்வந்தியின் மஞ்சள் கரோட்டினொயிட் வகை நிறமி, நெடுநாள் தாங்கும். செவ்வரத்தையின் சிவப்பு அந்தோசயனின், காயக் காய நாவற்பழக் கருமைக்குப் போய்விடும். பூவரசம்பூ அதுவரைகூடக் காத்திருப்பதில்லை. காலையில் மஞ்சளாக விரிந்தது வாடும்போதே செம்மை ஏறிவிடுகிறது.

அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர் என்று பூவின் பருவங்களுக்குப் பெயர் வைத்த தமிழ் அதோடு நிறுத்தவில்லை. உதிர்ந்த பூவுக்கு வீ என்றும் வாடிய பூவுக்குச் செம்மல் என்றும் பெயர் உண்டு. பெருமைக்குரியவரை நாம் செம்மல் என்று அழைக்கிறோமே, அதே சொல்தான். இதை முதன்முதலாக அறிந்த நாளில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது வேப்பம்பூ. சித்திரை வெயிலில் வடகத்துக்காகச் சுளகில் காயப் போட்டிருப்பார்கள். அரிசிமணியைவிடச் சிறிய, பழுப்பேறிய தூள் என்றுதான் அது கண்ணுக்குத் தெரியும். ஒன்றை மட்டும் ஊசி முனையால் எடுத்துக் கறுப்புக் கடதாசியில் வையுங்கள். லென்ஸுக்குள் ஐந்து இதழ்கள் பின்னோக்கி வளைந்திருக்கும். நடுவில் சின்னஞ்சிறு குழாய் ஒன்று நிற்கும், அதன் வாயோரத்தில் பத்து மகரந்தப் பைகள். காய்ந்த குழாயின் சுவர் மெழுகுக் கடதாசி போல ஒளியை உள்ளே விடும். இத்தனை வருடம் வடகமாகப் பொரித்துச் சாப்பிட்ட பூவுக்கு இப்படி ஒரு முகம் இருப்பதைப் பார்த்துப் பேச்சற்று நின்றவர்கள் பலர்.

விலை உயர்ந்த மக்ரோ லென்ஸ் இல்லையே என்று தயங்கவேண்டாம். சாதாரண 50 மில்லிமீற்றர் லென்ஸைத் திருப்பிப் பொருத்த ஒரு வளையம் கிடைக்கும். அதைக் கொண்டே பூவை ஏறத்தாழ அதன் உண்மை அளவில் கமெராவின் உணரியில் விழுத்தலாம். பெர்லினில் கலை கற்பித்த கார்ல் புளொஸ்ஃபெல்ட், காய்ந்த தண்டுகளையும் விதைக்கூடுகளையும் கைப்படச் செய்த கமெராவால் பல மடங்கு பெருப்பித்துப் படமெடுத்தவர். 1932 இல் அவர் காலமானார். அவருடைய படங்கள் இன்றும் சிற்பங்களைப் போல நிற்கின்றன.

சிரமம் கூர்மையில்தான். உண்மை அளவில் எடுக்கும்போது, லென்ஸில் ஒளி புகும் துவாரத்தை f/8 இல் வைத்தாலும் கூர்மையாக விழும் தடிப்பு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் மட்டுமே. f/22 வரை மூடினால் தடிப்பு கூடும், ஆனால் ஒளி துவாரத்தின் விளிம்பில் வளைந்து பரவிப் படம் முழுவதுமே மென்மையாகிவிடும். f/8 இலேயே நின்று, குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றாக அடுக்குவதே நல்லது. சோளகம் வீசும் மாதங்களில் யன்னலைச் சாத்துங்கள், விசிறியை நிறுத்துங்கள். காய்ந்த இதழுக்கு எடையே இல்லை, உங்கள் மூச்சே அதை அசைத்துவிடும். காம்பின் அடியில் ஒரு துளி மெழுகு வைத்தால் நிற்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒளியின் திசை. கமெராவின் ஃபிளாஷ் நேராக அடித்தால் மடிப்புகள் அழிந்து பூ வெறும் சருகாகிவிடும். ஒளி பக்கவாட்டிலிருந்து, தரையைத் தடவுவது போலத் தாழ்ந்து வரவேண்டும். காலை யன்னல் ஒளியும், எதிர்ப்பக்கத்தில் ஒரு துண்டு வெள்ளை ரெஜிபோமும் போதும். பிறகு கணினியில் நிறத்தை ஏற்றி அதைப் புதுப்பூவாக்க முயலாதீர்கள். பழுப்பும் கருமையும் அந்தப் பூவுக்கு உரியவை.

ஓர் எச்சரிக்கை. அலரியும் கார்த்திகைப்பூவும் காய்ந்தாலும் நஞ்சுதான். அவற்றைத் தொட்டபின் கையைக் கழுவுங்கள், பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் காயப் போடாதீர்கள்.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது வேறொரு காரியம். நினைவாக வைத்திருக்கும் காய்ந்த பூக்களைப் பலர் லாமினேட் செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சூடான உருளை மடிப்புகளை நசுக்கிவிடும், எஞ்சிய ஈரம் உள்ளேயே அடைபடும், பிறகு அந்தப் பூவைப் பிரித்தெடுக்க வழியே இல்லை. ஒட்டுநாடாவும் வேண்டாம். மாரி தொடங்கும் முன், சிலிக்கா ஜெல் பைக்கற் ஒன்றோடு, காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். வண்டும் பூஞ்சணமும் வருவதற்கு முன் ஒரு நல்ல படம் எடுத்து வையுங்கள்.

போன வருடம் ஓர் அக்கா தாவரவியல் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். 1995 ஒக்டோபர் இறுதியில் போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது தோளில் கொழுவிய பையில் இருந்த கொப்பி. நடுப்பக்கத்தில் ஒரு செவ்வரத்தை, ஏறக்குறைய கறுப்பாகி, தாளோடு ஒட்டிப் போயிருந்தது. லாமினேட் செய்யக் கேட்ட இடத்தில், இது உதிர்ந்துவிடும், வேறு பூ வைத்துச் செய்து தருகிறோம் என்றார்களாம். அதைச் சொல்லும்போது அவருடைய குரல் கம்மியது.

பூவைத் தாளிலிருந்து பெயர்க்காமலே எடுத்தேன். முதலில் பக்க ஒளி. நரம்புகள் விசிறிபோல விரிந்து மேலெழுந்தன. பிறகு கொப்பியைப் பிடித்து, அந்த ஒற்றைத் தாளின் பின்னாலிருந்து ரோச் ஒளியைப் பாய்ச்சினேன். கறுப்பென்று நினைத்தது உள்ளே கருஞ்சிவப்பாக எரிந்தது. நடுவில் மகரந்தத் தண்டு முழுமையாக இருந்தது. நுனியில் ஐந்து சிறு குமிழ்கள், கீழே தாளில் சிதறிய மஞ்சள் புள்ளிகளாக மகரந்தம்.

திரையில் பெருப்பித்துக் காட்டினேன். அவர் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, இது அடுக்குச் செவ்வரத்தை இல்லைத்தானே?"

"இல்லை அக்கா. அடுக்கென்றால் இந்தத் தண்டு இப்படித் தனியாக நிற்காது. இது ஒற்றை."

"கிணற்றடியில் நின்ற மரம். ஒற்றை என்று நான் எத்தனை தரம் சொன்னேன். அடுக்கு என்றுதான் தங்கச்சி இன்றுவரை அடம்பிடிக்கிறாள்."

படத்தில் இரண்டு பிரதி கேட்டார்.